விதைகளுக்கு ஒரு பேக்கிங் செக்‌ஷன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனைக் கட்டி மேய்த்த ஆபித் பாஷாவை, சால்வை போத்தி, பிரியாணி போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மறுநாளே அவர் சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். அடுத்த நாள் வாசல் செருப்புகளை. அதற்கும் அடுத்த நாள் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு புடவைகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என் பொடவை மேல கைய வச்சீங்கன்னா, நான் காட்பாடில எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்டுவேன்" என்றாள் மனைவி அஃப்ஸர் ஜஹான். அவள் சொன்னால் செய்வாள். பீரோ மூடப்பட்டது.

மனுஷனுக்கு உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. கம்பெனியில் சங்கு ஊதினால் உடம்பு தானாக வாசல் பக்கம் திரும்பும். ஒரே மகள் ஃபிர்தௌஸ் கட்டிக்கொடுத்த இடத்தில், பெங்களூரில் இருந்தாள். வீட்டிலுள்ள எல்லா வேலைக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது, அது அஃப்ஸர். தனக்கென்று இந்த வீட்டில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

அப்போதுதான் அவர் கண் அவளுடைய விதைகள் மேல் விழுந்தது. கொல்லைப்புறத் தோட்டம் கல்யாணமான நாளிலிருந்து அஃப்ஸருடைய ராஜ்ஜியம். கத்தரி விதை ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. வெண்டை விதை யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறையிலோ கிடந்தது. அவரை விதை பழைய கைக்குட்டை முடிச்சில். எதன் மேலும் ஒரு பெயர் கிடையாது.

"இதுல எது இன்னான்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு ஜொரம் வந்து படுத்துட்டா?"

"அந்த வருஷம் விதைக்க வேணாம்."

இப்படி ஒரு பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக்கூடியவரா ஆபித் பாஷா? சித்திரை வெயில் முழுக்க நச்சரித்தார். சோறு போடும்போது விதைப் பேச்சு, தொழுதுவிட்டு வந்தால் விதைப் பேச்சு. கடைசியில் அவள் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு வந்து வைத்தாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா அந்த அவரை மட்டும் ஜாக்கிரதை. அது கடைல கெடைக்காது. ஃபிர்தௌஸ் குளுருக்கு வர்றதே அந்த அவரைக்காய் போட்ட கறி சாலனாவுக்குத்தான்."

அகலமான காய், ஓரத்தில் கத்தரிப்பூக் கோடு. தெருவில் பாதி வீட்டுக்கு அது அஃப்ஸரின் பந்தலிலிருந்துதான் போகும். ஆபித் பாஷாவுக்கு அந்த விதைகளைக் கையில் வாங்கியபோது கம்பெனியில் முதல் முறை சாவிக் கொத்து வாங்கிய ஞாபகம் வந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. காலி ஷூ டப்பாக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் லேபிள், லாட் நம்பர், பேக்கிங் தேதி. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வருஷம் முழுவதற்கும் விதைப்புத் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஆடியில் அவரை, வெண்டை, கத்தரி. மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, கொத்தமல்லி. மாசியில் வெள்ளரி, புடலை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அறுவடை நாள். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஷிப்மென்ட்'. அஃப்ஸர் அதை வாசித்துவிட்டு உள்ளே போனாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

அவருடைய சர்வீஸில் பூஞ்சை பிடித்தது என்று ஒரு ஷூகூடத் திரும்பி வந்ததில்லை. எல்லாம் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலத்தின் புண்ணியம். டப்பாவுக்கு ஒன்று என்பது கணக்கு. விதை ஷூவைவிட உசத்தி அல்லவா? மூன்று மூன்றாகப் போட்டார். அவரை டப்பாவில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, காற்றுப் புகாமல் டேப் சுற்றினார்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்தது. டேப் வைத்து அளந்து, நூல் பிடித்து, குழி எடுத்து விதைத்தார். கத்தரி வந்தது. வெண்டை அரைகுறையாக வந்தது. அவரை வரவே இல்லை.

காலையில் போய்ப் பார்த்தார். மத்தியானம் போய்ப் பார்த்தார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது சட்டையை மாற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போனார். போர் தண்ணீர் உப்பு என்று, டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினார். குழி குழியாகவே இருந்தது. அஃப்ஸர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் அவர் கையிலிருந்து சொம்பை மெதுவாக வாங்கி, "நீங்க போய் டிவி பாருங்க" என்றாள். சால்வை போத்தி அனுப்பிய அன்றுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் அவள் தெருமுனை வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஒரு குழியை விரலால் தோண்டினார். விதை அழுகவில்லை. போட்டது போலவே, கூழாங்கல் மாதிரி கிடந்தது. நகம்கூட இறங்கவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இருப்புக் கொள்ளாமல் டீக்கடைக்கு நடந்தார்.

அங்கே மூர்த்தி இருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் காயவைக்கும் வேலை பார்ப்பவர், பழைய தோஸ்த். அவருக்கு அவர் கவலை.

"பாஷா பாய், புது ஆளு ஒருத்தன் தோலை ஜாஸ்தி காய உட்டுட்டான். அப்பளம் மாதிரி வெறச்சிக்கினு நிக்குது."

"அப்போ வேஸ்ட்டா?"

"வேஸ்ட் இன்னாத்துக்கு? ஈர மரத்தூள்ல பொதைச்சி வச்சிட்டேன். ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கினு தானா இளகிடும்."

ஆபித் பாஷா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். விதை சாகவில்லை. அவர்தான் அதை அளவுக்கு மீறிக் காயவைத்து, தண்ணீர் இறங்காதபடி தோலை இறுக்கிவிட்டார். அக்கறையில் செய்த அநியாயம். மரக்கடையில் ஒரு பை தூள் வாங்கினார். வீட்டுக்கு வந்து, அவள் திரும்புவதற்குள் எல்லாக் குழிகளையும் தோண்டி, ஒரு விதை பாக்கியில்லாமல் பொறுக்கினார். மண்ணைத் தள்ளி முன்போலவே மூடினார். தண்ணீர் தெளித்த மரத்தூளில் விதைகளைப் புதைத்து, ஷூ டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அஃப்ஸரிடம் சொல்ல வாய் வரவில்லை. இதுவும் வராமல் போனால் எந்த முகத்தோடு நிற்பது?

அதன் பிறகு அவர் நிலைமை இன்னும் மோசம். தூங்கும்போதுகூட ஒரு கை கட்டிலுக்கு அடியில் தொங்கியது. டப்பாவைத் திறப்பார், மூடுவார், ஈரம் போதாதோ என்று தெளிப்பார், ஜாஸ்தியோ என்று ஊதுவார்.

ஒரு காலை கொல்லையிலிருந்து அஃப்ஸரின் குரல் வந்தது. "ஏங்க, ஓடி வாங்க! உங்க அவரை வந்துடுச்சி!"

செருப்புகூடப் போடாமல் ஓடினார். குழிக்குக் குழி, மண்ணை முட்டிக்கொண்டு பச்சையாகத் தலை தூக்கியிருந்தன. "வந்துடுச்சி! நான் சொன்னேன்ல?" என்று கத்தினார். கையைத் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது.

அந்தக் குழிகளைக் காலி செய்தது அவர்தானே.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் கத்தரிச் செடியில் இல்லாத பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. நாம் டேப் சுற்றுவதற்கு முன்பே தனியாக எடுத்து ஒளித்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து, துணி துவைக்கும் கல் மேல் வைத்துத் திறந்தார். தூளை விலக்கினால், பாதி விதைகள் ஊதிப் பிளந்து வெள்ளையாக வேர் விட்டிருந்தன.

"இது இன்னா?"

"என் அவரை."

அவள் டப்பாவைப் பார்த்தாள், குழிகளைப் பார்த்தாள். "அப்போ நான் போட்டது..."

"காலிக் குழில போட்ட. எவ்ளோ எடுத்து வச்சிருந்த?"

"ஒரு கை. அரிசி டிரம்முல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பொட்டலத்தையெல்லாம் தூக்கினு வந்தீங்களே, அப்பவே எனக்கு பேஜாராயிடுச்சி."

"என்னை நம்பல."

"விதை விஷயத்துல நம்பல" என்றாள் பளிச்சென்று. பிறகு குரல் இறங்கியது. "வெறுங்குழி முன்னால அப்படி குந்திக்கினு இருந்தீங்களே. அத என்னால பாக்க முடில."

அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தூளுக்குள் விரலை விட்டு முளைத்ததையும் முளைக்காததையும் பிரித்தாள்.

"இத எங்க நடறது? என் பந்தல் குழில வந்ததுக்கே பத்தாது." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவர் ஓரத்தைக் காட்டினாள். உடைந்த டைல்ஸும் பழைய பக்கெட்டும் குவிந்து கிடந்த இடம். "அத சுத்தம் பண்ணி இன்னொரு பந்தல் போடுங்க. அது உங்களுது. நான் கேக்க மாட்டேன். அந்த சிலிக்கா மட்டும் இந்தக் கொல்லைக்குள்ள வரக் கூடாது."

"வராது" என்றார் ஆபித் பாஷா. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனவர், திரும்பி வந்து அளக்கிற டேப்பையும் எடுத்துக்கொண்டார். அவர் இடம், அவர் அளந்துகொள்வார்.