அம்மா வாங்கிக்கொண்ட முறைகள்

அம்மாவுக்கு நீல ரவிக்கையைப் போட்டுவிடக் கையைத் தூக்கிப் பிடித்தபோதுதான் மகள் அந்தத் தையலைப் பார்த்தாள். பக்கவாட்டில், உள்புறமாக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வரிசை. முப்பது வருடம் சட்டைக் கம்பெனியில் தைத்தவளின் நேரான தையல். உடம்பு இளைக்க இளைக்க அம்மா ரவிக்கையைப் பிடித்துத் தைத்திருக்கிறாள், வெளியே தெரியாதபடி.

"அங்கேயே சாப்பிட்டுட்டேன்டி." சாயங்காலம் கொட்டகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அம்மா சொன்னது இதுதான்.

தடுப்பு முகாம் வாசலுக்கு எதிரே தார்ப்பாய் கட்டிய கொட்டகை அது. வழக்கோ விசாரணையோ இல்லாமல் உள்ளே அடைபட்டவர்களின் வீட்டார் எட்டுப் பேர் அங்கே முறைவைத்து உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர். மற்றவர்கள் கூட உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார்கள். யார் உயிருக்கும் ஆபத்து வரக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினான்கு மாதம். உள்ளே அடிக்கிறார்கள் என்று வெளியே வந்த ஒருவன் சொன்னதிலிருந்து அம்மா ஒரு நாள்கூடக் கொட்டகைக்குப் போகாமல் இருந்ததில்லை. நேற்று மத்தியானம் அங்கேயே சரிந்து உயிரை விட்டாள்.

இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். வக்கீல் காலையிலேயே முகாமுக்குப் போய்விட்டார். அதற்குள் தம்பியை அனுப்புவார்களா என்று அவருக்கும் தெரியவில்லை. மகள் வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

கொட்டகைக்காரர்கள் வந்தார்கள். மீன் விற்கிறவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னை மன்னிச்சிடு கண்ணு. போன வாரம் எனக்குக் காய்ச்சல். என் முறையை உங்கம்மாதான் வாங்கிக்கிட்டாங்க. 'உனக்குப் பசிச்சா வாய் நீளும், அரசாங்கத்தை விட்டுட்டு எங்களைத் திட்டுவே, போய்ச் சாப்பிடு'ன்னாங்க. ஒரே ஒரு நாள்தான்."

பஸ் டிரைவர் திரும்பினார். "உங்க முறையுமா? எனக்கு சர்க்கரைன்னு திங்கக்கிழமை எனக்காக இருந்தாங்களே."

சுவரோரம் நின்ற கர்ப்பிணிப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "என் முறை எல்லாமே அம்மாதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

முறைப் பட்டியல் எழுதும் ரிட்டயர்டு வாத்தியார் மகளைப் பார்த்தார். "சாயங்காலம் வீட்டுல சாப்பிடுவாங்க இல்லம்மா? எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

"அங்க சாப்பிட்டதா எங்கிட்ட சொன்னாங்க சார்."

அம்மா பட்டினி இருந்த நாட்களை வாத்தியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திவிட்டார்.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. "இருபது நிமிஷம்" என்றார் காவலர்.

தம்பி இறங்கினான். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் கைகள் தொங்கியபடியே இருந்தன. "தூக்க வராதுக்கா" என்றான், ஏதோ தப்பு செய்தவன்போல. உள்ளே வந்து மண்டியிட்டான். குனிந்து அம்மாவின் கைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "எனக்காகப் பட்டினி கிடந்துதான் போனாளா?"

சொல்லப்போகிற பதிலை இவன் உள்ளே கொண்டுபோக வேண்டும், சுமக்க அங்கே இவனைத் தவிர யாரும் இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

"இல்லடா. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் முறை வரும். மத்த நாளெல்லாம் நல்லாத்தான் சாப்பிட்டா. நெஞ்சு வலின்னு டாக்டர் சொன்னார்."

அவன் நம்பவில்லை. தனக்குப் பாடம் எடுத்த வாத்தியாரைத் தேடிப் பார்த்தான். "சார், நீங்க சொல்லுங்க."

பொய் சொன்ன பிள்ளைகளை நாற்பது வருடம் பெஞ்சுமேல் நிறுத்தியவர் அவர்.

"ஆமாப்பா. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். பட்டியல் நான்தானே எழுதறேன்."

தம்பியின் தோள் தளர்ந்தது. அப்போதுதான் அழுதான்.

மீன்கார அம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் சோறு கொண்டுவந்தாள். "புள்ளை எப்ப சாப்பிட்டானோ."

"அம்மா முன்னாடி எப்படிக்கா?"

"அம்மா முன்னாடிதான்டா சாப்பிடணும்."

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. "நேரம் இருக்கு, சாப்பிடட்டும்" என்று சொல்லித் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா ஒரு வாய் ஊட்டினாள். அவன் மென்றான். உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க அவன் வலது கை மேலே வந்தது. இடுப்புவரை வந்தது, கொஞ்சம் நடுங்கியது, இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. அது எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவும் வரட்டும் என்று அக்கா காத்திருந்தாள். கை இறங்கிய பிறகு, தன் விரலால் பருக்கையை எடுத்துவிட்டு, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தாள்.