சூப் சங்கத்தின் தலைவி

வரும் கோடைக்குப் பிரிட்டாவுக்கு ஒரு பயிற்சி வேலை கிடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டலூத் நகரத்து ஏரிக்கரையில் அப்பாவின் கடையில் மறுபடியும் தூண்டில் புழு விற்க வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டில் பாதி முடிந்துவிட்டது. மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. "எதையாவது தலைமை தாங்கி நடத்தியிருக்கீங்களா?" என்று கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டாள்; அப்படி எதுவுமே இல்லை.

"நீயே ஒரு சங்கம் ஆரம்பிடி," என்றாள் அறைத்தோழி ஜொலீன். "மூணு கையெழுத்து போதும். நீ, நான், என் ஆளு."

"என்ன சங்கம்?"

ஜொலீன் அப்போது டின் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அப்படிப் பிறந்ததுதான் சூப் சங்கம். கூட்டம் வியாழன் மாலை, தலைவி பிரிட்டா. அந்தப் பனியில் யார் வரப்போகிறார்கள்?

வியாழன் மாலை கதவைத் திறந்தால், கையில் கரண்டியோடு பதினைந்து பேர்.

"சூப் எங்க?"

பிரிட்டா உணவுக்கூடத்துக்கு ஓடினாள். மிஞ்சிய காய்கறியும் பெரிய பானையும் கெஞ்சி வாங்கி வந்து தானே சூப் வைத்தாள்.

முதலாண்டு மாணவன் டெஸ்மண்ட் ஒரு வாய் குடித்தான். "அக்கா, இது சூப்பா, பானை கழுவின தண்ணியா?" என்றபடி அகப்பையைப் பிடுங்கிக்கொண்டான்.

அதன்பின் சமையல் அவனுடையது. அடுப்புக்கு அனுமதி, கிண்ணம், சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனி அகப்பை, அதையொட்டி வந்த சண்டை எல்லாம் அவளுடையவை. பிப்ரவரியில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. யாரோ தேர்தல் வேண்டும் என்றார்கள். கரண்டிகள் உயர்ந்தன. டெஸ்மண்ட் தலைவனானான்.

"என் ஆளே உனக்குக் கரண்டி தூக்கலடி," என்றாள் ஜொலீன். "இன்னொரு கிண்ணம் தர்றதா டெஸ்மண்ட் சொன்னானாம்."

மறுவாரம் ஏரித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் நேர்காணல். மேலாளர் மார்கெட்டி அம்மாள் அவள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"சூப் சங்கத் தலைவியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. புழு டப்பாக்கள் கண்முன் வந்து போயின. ஆனாலும் வாய் வேறு சொன்னது.

"போன வாரம் வரைக்கும், மேடம். தோக்கடிச்சுட்டாங்க."

"ஏன்?"

"எனக்கு சூப் வைக்கத் தெரியாது. இந்த மாதிரி வேலை கிடைக்கணும்னுதான் சங்கமே ஆரம்பிச்சேன்."

"அப்போ அங்க என்னதான் செஞ்சீங்க?"

பானை முதல் தனி அகப்பை வரை சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"எனக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது. ஆனா நான் சொல்லாம இங்கேர்ந்து ஒரு கப்பலும் கிளம்பாது. ஜூன்ல வந்துடுங்க."

வியாழனன்று பிரிட்டா செய்தியோடு சங்கத்துக்குப் போனாள். டெஸ்மண்ட் கட்டிப்பிடித்து வாழ்த்தினான்.

"ஏண்டா, சமைக்கிறதே உனக்குப் போதாதா? எதுக்குடா தலைவர் பதவி?"

"நீங்க மூணாவது வருஷத்துல யோசிச்சீங்கக்கா," என்று கிண்ணத்தை நீட்டினான் டெஸ்மண்ட். "நான் இப்பவே யோசிச்சுட்டேன்."