பச்சைச் சீழ்

புருஷன் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை நர்ஸ் பிரிப்பதைப் பொற்கொடி பார்த்துக்கொண்டு நின்றாள். துணியில் சீழ் பச்சையாக ஊறியிருந்தது.

அவள் புருஷன் நல்லதம்பிக்குச் சர்க்கரை வியாதி. அறந்தாங்கியில் லோடு வண்டி ஓட்டுகிறவன். போன மாதம் உள்ளங்காலில், சுண்டுவிரலுக்கு அடியில் கருவேல முள் ஏறியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. புண்ணானதும் பொற்கொடி, தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். மருந்துக் கடையில் சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் வாங்கி, பிரித்து, தூளைப் புண்ணில் தூவினாள். நாலே நாளில் மஞ்சள் சீழ் நின்றது. அப்பாடா என்றிருந்தாள். பிறகு பச்சை வந்தது. இன்னும் கூடுதலாகத் தூவினாள். இன்று காலையும் தூவிவிட்டு, டாக்டர் திட்டுவாரே என்று பயந்து மேலோடு கழுவிக் கூட்டி வந்திருந்தாள்.

"வீட்டுல என்ன போட்டீங்க?" என்றார் டாக்டர் பிரகதீஸ்வரி.

நல்லதம்பி முந்திக்கொண்டான். "ஒண்ணும் போடலங்க. எம் பொண்டாட்டி தெனம் சண்டை போடுவா, அது ஒண்ணுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்துக் குழாயில் போட்டு மூடினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதுல ஒரு கிருமி மட்டும் இல்ல. ரெண்டு மூணு தினுசு சேந்து, கொழகொழன்னு ஒரு படலம் கட்டி உள்ள குடியிருக்கும். ஒண்ணை ஒண்ணு அழிக்கத்தான் பாக்கும். ஆனா மேல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு எடம் புடிச்சுப் பொழைச்சுக்கிடும். ஏதாவது மருந்து பட்டுச்சுன்னா ஒண்ணு அடங்கும், மத்ததுக்கு வீடு முழுக்கக் கெடைச்சிரும். அடங்குனதும் பூராச் சாகாது. அடியில பதுங்கிக் கெடக்கும். இந்தப் பஞ்சுல அது சிக்காது. சிக்காததுக்கு என்னால மருந்தும் குடுக்க முடியாது. அது எலும்புல எறங்கிட்டா காலை எடுக்கணும்."

பொற்கொடி அந்தக் குழாயைப் பார்த்தாள். சொன்னால், தன் கையாலேயே புருஷன் காலைக் கெடுத்தவள் ஆவாள். நர்ஸ் குழாயில் பேரெழுதி ஒட்டி, லேபுக்கு நடந்தாள். வாசலைத் தாண்டப் போனாள்.

"சிஸ்டர், நில்லுங்க." பொற்கொடி பின்னாலேயே ஓடினாள். "கேப்சூல் தூளு போட்டேன். மூணு வாரமா. இன்னைக்கும் போட்டுட்டுக் கழுவிட்டேன்."

நல்லதம்பி அவளைப் பார்த்தான். "அது மருந்தில்ல, சும்மா பவுடருன்னுல்ல சொன்ன?" என்றான் மெல்ல.

டாக்டர் அந்தக் குழாயை ஒதுக்கச் சொன்னார். புண்ணைச் சுத்தம் செய்து, ஆழத்திலிருந்து கடுகளவு சதை வெட்டி அனுப்பினார். அவனை வார்டில் சேர்த்தார்கள். நர்ஸ் கணுக்காலில் சிவப்பு ஏறியிருந்த ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். "இதைத் தாண்டுச்சுன்னா ஒடனே கூப்புடுங்க."

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. இரண்டு கிருமிகள். பச்சைக்காரனும், அடியில் கிடந்தவனும். "நீங்க சொல்லலைன்னா ரெண்டாவதை விட்டிருப்பேன்," என்றார் டாக்டர். இரண்டுக்குமாக ஊசி மாறியது. "சுண்டுவெரல் தப்பாது. பாதத்தை நாளைக்குப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"சுண்டுவெரலு எந்தப் பெடலையும் மிதிக்காது. போகட்டும் விடு, புள்ள," என்றான் நல்லதம்பி.

அவள் போர்வையை விலக்கினாள். குனிந்து பேனாக் கோட்டைப் பார்த்தாள். சிவப்பு கோட்டுக்கு உள்ளேதான் நின்றது, ஒரு நெல்மணி அளவு பின்வாங்கி. நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.