நல்ல வெயில் அடிக்கும் வீடு

உஷா பதினோராவது தடவையாகப் போட்ட சென்னைச் செலவுக் கணக்கில் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் மிஞ்சியது. முதல் பத்துத் தடவையும் இடித்த கணக்கு அது. மிஞ்சியதும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். இன்னொரு முறை கூட்டினால் மறுபடி எங்கே இடிக்குமோ என்று பயம்.

அவள் கணவர் ரமணன், குன்னூரில் தேயிலை ஏலத் தரகுக் கம்பெனி ஒன்றில், சாம்பிள் ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். மார்ச்சோடு அந்த ஆபீஸை மூடுகிறார்கள். சென்னைக்கு வருகிறவர்களுக்கு முப்பத்து மூவாயிரம் சம்பளம். வராதவர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு கும்பிடும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் பதினெட்டாயிரத்துக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பதினெட்டாயிரத்தில் மகள் பிரீத்தியைக் காலேஜில் சேர்ப்பது நடக்கிற காரியமா? இதை நினைத்து நினைத்தே உஷாவுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

கணக்கை மிஞ்ச வைத்தது வீட்டு வாடகைதான். பொங்கல் லீவில் சென்னைக்குப் போய் ஒன்பது வீடு பார்த்தார்கள். எதுவும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையவில்லை. பத்தாவது வீடு, மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்து இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஹால் முழுக்க வெயில். உஷா சுவரில் முதுகைச் சாய்த்தாள், கதகதப்பாக இருந்தது. குன்னூரில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை பூஞ்சை பூக்கும். துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும். பள்ளிக்கூட சாக்ஸை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்க விட வேண்டும். இப்படியொரு வெயிலுக்கு அதிகமாக அல்லவா கேட்பார்கள்? வீட்டுக்காரம்மா பதினோராயிரம் போதும் என்றாள். எங்கே மனசு மாறிவிடுமோ என்று உஷா அங்கேயே பத்தாயிரம் டோக்கன் கொடுக்க வைத்தாள். இறங்கி வரும்போது, பாவம், விவரம் இல்லாத அம்மா என்று அவளுக்காக இரக்கப்படவும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு உமாமகேஸ்வரி அக்கா போன் செய்தாள். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவள். அவள் கணவருக்கு அருவங்காடு வெடிமருந்து ஃபாக்டரியிலிருந்து சென்னைப் பக்கம் ஆவடிக்கு மாற்றலாகிப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

"ஊடு பார்த்தாச்சா உஷா?"

"பார்த்தாச்சுங்க அக்கா. மேல் மாடிங்க. மேக்கால பார்த்த ஊடு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வெயில் உள்ளயே கெடக்குது. அதுவும் பதினோராயிரந்தான்."

உஷா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அக்கா? கேக்குதுங்களா?"

"கேக்குது. உஷா, நீ பார்த்தது தை மாசம். சித்திரையில அந்த ஊட்டுல ராத்திரி பத்து மணிக்குச் சுவரத் தொட்டா கை சுடும். நானும் வந்த புதுசுல அப்படி ஒரு ஊட்டுலதான் மாட்டுனேன். ஏசி இல்லாம ஒரு நாள் தூங்க முடியாது. கரண்டுக்கு யூனிட் எத்தனைன்னு சொன்னாங்க?"

"ஒம்பது ரூபான்னாங்க."

"மாசம் மூவாயிரத்தஞ்சூறு எடுத்து வெச்சுக்க. ஏசி வாங்கறது தனி."

போனை வைத்த பிறகு உஷா தாளை எடுத்துப் பார்த்தாள். கரண்ட் என்று எழுதியிருந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை அரசாங்கம் காசு கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத, விறகில் வெந்நீர் போடுகிற குன்னூர் வீட்டில் நூறைத் தாண்டியதே கிடையாது. ஃபேன் மாட்ட விட்டத்தில் ஒரு கொக்கிகூட இல்லை. கரண்டுக்குப் பணம் கட்டியதாக அவளுக்கு நினைவே இல்லை. வீட்டுக்காரம்மா சொன்ன ஒன்பது ரூபாயும் காதோடு போய்விட்டது.

ஆயிரத்து நூற்றைம்பது போய், மாதம் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது இடித்தது. டோக்கன் போனால் போகட்டும், வேறு வீடு பார்க்கலாம் என்றால், அங்கேயும் வாடகையில் ஆயிரத்தைந்நூறு ஏறுகிறது. இப்படிப் போட்டாலும் இடித்தது, அப்படிப் போட்டாலும் இடித்தது. ரமணனுக்குப் போன் அடித்தாள். சாம்பிள் ரூமில் போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் ஏழு தடவை அடித்தாள். பிறகு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் இறக்கத்தில் ஓடினாள்.

ஆபீஸை அடைந்தபோது நாலரை ஆகியிருந்தது. ரமணன் டீத்தூள் தூசி படிந்த கையோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க, லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"காத்தாலயே குடுத்தாச்சே. வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஏன் புள்ள, மூஞ்செல்லாம் வேர்த்திருக்குது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வேலுமணி வந்தான். ரமணனோடு வேலை பார்க்கிற பையன். போன வருஷம்தான் கல்யாணமானவன். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் இருந்தது உஷாவின் கையெழுத்து.

"அண்ணி! உங்களுக்குக் கோயில்தான் கட்டணும். எங்க ஊட்டுல அங்கம்மா வரவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. பிக்கட்டியில மாமனார் கேரட் காடு இருக்குது, அங்க போயிப் பொழைச்சுக்கலாம்னு அழுதா. அண்ணன் குடுத்த இந்தத் தாளைக் காட்டுனதுக்கப்புறம்தான் சரின்னா. உங்க ஊட்டுக்கு எதுத்த ஊடும் காலியாத்தான் இருந்துச்சு. நேத்தே டோக்கன் அனுப்பிட்டேனுங்க. அதுலயும் நல்ல வெயிலாமா!"

உஷாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான் என்பதை மறைப்பானேன்? அத்தனை பெரிய ஊரில் கதவைத் திறந்தால் எதிரே தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அவசரத்துக்கு அங்கம்மா இருப்பாள். அந்த நிம்மதி இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"லெட்டர் குடுத்தாச்சுங்களா தம்பி?"

"இதா, சட்டைப் பையில. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதே."

ரமணன் கொடுத்தது கொடுத்ததுதான். இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சித்திரையில் சுவர் சுடும்போது இரண்டு குடும்பமும் சேர்ந்தே புலம்பலாம். உஷா அவன் கையிலிருந்த ஜெராக்ஸை வாங்கினாள்.

"இந்தக் கரண்ட் கணக்கு தப்புங்க தம்பி."

வேலுமணி சிரித்தான். "ஏனுங்க அண்ணி, நமக்கெதுக்குங்க கரண்டு பில்லு?"

அவள் பூஜ்யத்தை அடித்துவிட்டு மூவாயிரத்து ஐந்நூறு என்று எழுதினாள். கீழே மிச்சத்தையும் அடித்தாள். உமாமகேஸ்வரி அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லச் சொல்ல வேலுமணியின் சிரிப்பு போய்விட்டது.

ரமணன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் மெதுவாகத்தான் கேட்டார்:

"இன்னும் எங்கெங்க பூஜ்யம் போட்டிருக்கற உஷா?"

"தண்ணிக்குப் போட்டிருக்கறனுங்க. அப்புறம் டீத்தூளுக்கு." சாம்பிள் போக மிஞ்சுகிற தூள் இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் விலைகூட அவளுக்குத் தெரியாது.

மேனேஜர் ரூமில் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. வேலுமணி பையிலிருந்த கடிதத்தை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் என்னங்க அண்ணி பண்ணட்டும்?"

உஷா ரமணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க தம்பி," என்றாள். "அங்கம்மா சொன்னதையே கேளுங்க."

வேலுமணி கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, டோக்கன் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனை எடுத்தபடி வெளியே போனான். அந்த மூன்றாவது மாடியில், எதிர் வீட்டுக் கதவு அவளுக்காக இனிமேல் திறக்காது.