ஜிலானி வீட்டு அத்தி

ஆறு மணிக்கு எழுந்தான் நௌஃபல். முகம் கழுவினான். வறுத்த பார்லி மாவில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் குழைத்து நான்கு வாய் தின்றான். ஒரு கோப்பை காபி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய் மல்லிகைக்கும் இரண்டு எலுமிச்சைக்கும் தண்ணீர் ஊற்றினான். எதற்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. வாளி காலியாகும் வரை ஊற்றுவான். அப்புறம் மொட்டை மாடி. மேலே ஓர் அறை கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் மூன்று வருஷமாகத் துருவேறி நின்றன. அக்கம்பக்கத்து மாடிகளில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மழைக்கு முன் மாடி வெளுத்திருந்தால்தான் தொட்டிக்கு இறங்கும் தண்ணீர் சுத்தமாக இருக்கும். ஸ்ஃபாக்ஸ் நகரில் குழாய்த் தண்ணீர் உப்பு. தேநீருக்கும் குடிக்கவும் முற்றத்தின் அடியில் இருக்கும் மழைத்தொட்டிதான். அவன் இந்த வருஷமும் சுண்ணாம்பு வாங்கவில்லை.

படியிறங்கும்போது கைப்பேசியைப் பார்த்தான். தெருவின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எந்தச் சுவரில் ஈரம், எந்தக் கொத்தனார் நேரத்துக்கு வருகிறான், யார் வீட்டு எலுமிச்சை இலை சுருள்கிறது, எல்லாம் அதில்தான். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை என்பதால் சுவர், கம்பி, மாடிச் சரிவு பற்றிய கேள்விகள் நௌஃபலுக்கு வரும். செடிகளைப் பற்றிய கேள்விகளும் அவனுக்கே வந்தன. அவற்றுக்குப் பதில் சொன்னது அவன் மனைவி விதாத். அப்பாவின் ஆலிவ் தோப்பில் வளர்ந்தவள். கையில் மாவோடு அடுப்படியிலிருந்து சொல்வாள், அவன் தட்டுவான். தொடக்கத்தில் 'என் கருத்துப்படி' என்று சேர்த்துக்கொள்வான். தெரு அவனுக்குத் 'தோட்டத்து டாக்டர்' என்று பெயர் வைத்தது. "டாக்டர், கொஞ்சம் வெங்காயம் உரிங்க," என்பாள் விதாத். அவனும் சிரிப்பான். இது அவள் சொன்னது என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. அவள் இறந்துபோன பிறகு அவன் பதில்கள் ஒற்றை வார்த்தையாகின, பிறகு நின்றேபோயின. துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்று காலை எதிர்வீட்டு ஜிலானி எழுதியிருந்தார்: 'எங்க தொட்டி விரிசல். ராபிஹ் கட்டினது. டாக்டர் வந்து பாத்துட்டு எழுதட்டும்.' அதன்கீழே பதினோரு பதில்கள். கொத்தனார் ராபிஹை ஆளுக்கு ஒரு வாய் ஏசியிருந்தார்கள். சுற்றுச்சுவர் வேலையை அவனுக்குக் கொடுப்பதாக இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ராபிஹ், ஜிலானியின் மனைவி மன்னூபியாவின் தம்பி.

ஜிலானி வீட்டு முற்றத்தில் மன்னூபியா தரையில் அமர்ந்து சிவப்பு மிளகாய்களை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தாள். ஜிலானி தொட்டி வாயில் ஏணியைப் பிடித்தபடி நின்றார். முப்பது வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர். இப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"வா தம்பி, வா! மச்சானாச்சேன்னு வேலைய குடுத்தேன்ல, எனக்கு வேணும்! சிமெண்ட்ல பாதி மண்ணு."

"ரயில் ஓட்டினவருக்கு சிமெண்ட் ருசி தெரிஞ்சிடுச்சு," என்றாள் மன்னூபியா மிளகாயிடம்.

"பாத்தியா? நாலு நாளா எங்கிட்ட பேச்சில்ல. மிளகாய்கிட்டதான் பேசுறா."

"மிளகாய் பதிலுக்குக் கத்தாது."

நௌஃபல் இறங்கினான். தொட்டியை வற்றவைத்துக் கழுவியிருந்தார்கள். உள்ளே குளிர்ச்சி. கைப்பேசி வெளிச்சத்தில் பூச்சைத் தடவிப் பார்த்தான். மண்பானையின் உட்புறம்போல வழவழவென்று, கனமாக, நல்ல பூச்சு. கிழக்குச் சுவரில் மட்டும் ஒரு கோடு பிளந்து, அதிலிருந்து பழுப்பு வேர்கள் கொத்தாகத் தரைவரை தொங்கின. நுனிகள் ஈரமாக இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தான். வேர் வரவில்லை, பூச்சு பெயர்ந்து வந்தது. மேலே அதே கிழக்குப் பக்கத்தில், தொட்டியிலிருந்து நாலே எட்டில், மூன்று வயது அத்தி நின்றது. அதற்குக் குழி தோண்டிய காலையை அவன் தன் மாடியிலிருந்து பார்த்திருந்தான். விதாத்தின் ஏழாம் நாள் அது. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேலே ஏறி வந்தான்.

"வேர் வந்திருக்கு மாமா."

"வரும்தானே. விரிசல் விட்டுச்சு, தண்ணி வாசனைக்கு வேர் உள்ள நுழைஞ்சிடுச்சு. வேரால விட்டதுன்னா நீ நடச் சொல்லியிருப்பியா? உன்னைக் கேட்டுத்தானே நட்டேன்?" அவர் அவன் தோளைத் தட்டினார். "நீ எழுதினா அப்புறம் எவனும் பேசமாட்டான். எழுது."

நௌஃபல் கைப்பேசியை எடுத்தான். 'என் கருத்துப்படி' என்று விரல்கள் தாமாகத் தட்டிவிட்டன. மீதியையும் தட்டிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள். ராபிஹ்கூட நம்பிவிடுவான், தன் கலவையில்தான் ஏதோ தப்பென்று.

"எழுதுங்க தம்பி," என்றாள் மன்னூபியா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் பழையபடி கூலிக்குப் போவான், அவ்வளவுதானே. ஆனா யோசிச்சு எழுதுங்க. கலிமா சொல்லிக்கிட்டே கண்ண மூடின பொண்ணோட புருஷன் நீங்க. பொய் எழுதமாட்டீங்க."

அவனுக்குக் காது சுட்டது. துக்க வீட்டில் விதாத்தின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா என்று கேட்டபோது, உயிர் பிரியும்போது சொல்ல வேண்டிய கலிமாவைச் சொன்னாள் என்றான். அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, அது தெருவின் செய்தியாகி, மூன்று வருஷமாக எல்லோரும் அவனுக்கே அதைத் திருப்பிச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள்.

தட்டியதை அழித்தான்.

"ராபிஹ் மேல தப்பில்ல மாமா. பூச்சு நல்லா இருக்கு. அத்திதான் பிளந்திருக்கு."

"நீதானே 'நடலாம்'னு எழுதின?"

"நான்தான். அவகிட்ட கேக்காம எழுதினது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அவ சொன்னது. செடியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

 மன்னூபியா ஒரு மிளகாயைக் கோத்து முடித்தாள்.

"அது எங்களுக்குத் தெரியுமே. தெருப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். 'அவருக்கு டாக்டர்னு கூப்பிட்டா பிடிக்குது, விடுங்க'ம்பா."

நௌஃபல் அத்தியைப் பார்த்தான். அகலமான இலைகள். முதல் காய்கள் பிடித்திருந்தன.

"ஆஸ்பத்திரியில நினைவோடதானே இருந்தா?" என்றாள் அவள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

நினைவோடுதான் இருந்தாள். தொட்டிப் பக்கம் அத்தி நடலாமா என்ற ஜிலானியின் கேள்வி அவள் இறப்பதற்கு முந்தின சாயங்காலம் வந்தது. பேசுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதைச் சத்தமாக வாசித்தான். அவள் கண் மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, தொல்லை விடட்டும் என்று 'நடலாம்' என்று தட்டிப் பைக்குள் போட்டான். மறுநாள் காலை தாதி படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது விதாத்தின் உதடுகள் அசைந்தன. கலிமா என்று நினைத்துத்தான் குனிந்தான். அவள் கேட்டதற்கு "ம்" என்றான். பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.

"கேக்கல," என்றான். "அவளாத்தான் சொன்னா. கலிமா இல்ல, மாமி. நான் பொய் சொன்னேன்."

ஊசி நின்றது.

"அப்ப கடைசியா என்னதான் சொன்னா?"

"தொட்டிக்குப் பக்கத்துல அத்தி வேணாம்னு சொல்லுங்க, மாதுளை வைக்கச் சொல்லுங்க. எழுதிட்டீங்களா?"