இரண்டு அரைக்கிலோ படிக்கற்கள்

இருபத்திரண்டு வருடமாக இறைச்சிக்கடை வைத்திருக்கும் அவர் தராசில் ஒருதடவைகூடப் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யைச் சொன்னது ஆஸ்பத்திரியில்தான், அதுவும் மனைவிக்காக.

மனைவியின் குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி இருந்தால் அழிப்பதற்கு ஆறு சுற்று மருந்து. இரண்டு முடிந்திருந்தது. “நாற்பத்தாறு கிலோதான் இருக்கீங்க. இன்னும் இறங்கினா மூணாவது சுற்றைத் தள்ளிப் போடணும்” என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சுற்று தள்ளிப்போகவே கூடாது என்று நினைத்தார் கடைக்காரர். எனவே மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பும்போது கடையில் சும்மா கிடந்த இரண்டு அரைக்கிலோ இரும்புப் படிக்கற்களை எடுத்து, அவளுடைய கோட்டுப் பைகளில் பைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார்.

அவள் எடை மேடையில் ஏறினாள். முள் நாற்பத்தாறைத் தாண்டி நின்றது.

உணவு ஆலோசகர் சின்னப் பெண், குரல் மட்டும் பெரிது. அவள் முள்ளை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தாள்.

“அக்கா, பை ஏன் இப்படித் தொங்குது?”

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவர் கேட்டாத்தானே!”

கற்கள் மேஜைக்கு வந்தன. கோட்டும் செருப்பும் இல்லாமல் மறுபடி ஏறியபோது முள் நாற்பத்தைந்துக்கு இறங்கியது.

“அண்ணே, எடையையும் உயரத்தையும் வச்சுத்தான் மருந்து அளவைக் கணக்குப் போடுறாங்க. இந்த இரும்புக்கும் சேத்து மருந்து ஏத்தினா யார் தாங்கிக்கிறது? இரும்பா, அக்காவா?”

அவர் கற்களை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சரி, வீட்டில என்ன சாப்பாடு?”

“காலையில கீரை, மத்தியானம் கீரை, ராத்திரி வேற கீரை” என்றாள் மனைவி. “முட்டையைக் கண்ணில காட்டறதில்லை. என் தட்டைப் பாத்தா ஆடே பரிதாபப்படும்.”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க?” என்றார் கடைக்காரர். “உப்புப் போட்டுப் பதப்படுத்தினது, புகையில வாட்டினது, எல்லாம் என் கையாலதானே போட்டேன்? அதுதானே இப்படி வந்து நிக்குது?”

ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“பதப்படுத்தின இறைச்சியை தினமும் சாப்பிட்டா இந்த நோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். சுமாரா, நூறுல அஞ்சு பேருக்கு வர்றது ஆறு பேருக்கு வரலாம். அந்த ஆறாவது ஆள் அக்காதான்னு நிறுத்துச் சொல்ல எந்தத் தராசும் கிடையாது. அது பல வருஷக் கணக்கு. இப்ப உடம்புக்குள்ள நடக்கிறது பழுதுபாக்கிற வேலை. அறுத்த இடம் ஆறணும். மருந்தில செத்த நல்ல செல்லுக்குப் பதிலா புதுசு வரணும். அதுக்குச் செங்கல் புரதம். வெளியிலிருந்து வரலைன்னா உடம்பு தன் சுவரையே இடிச்சு எடுத்துக்கும். அதாவது, தசையை.”

கடைக்காரர் நிமிர்ந்தார். “பட்டினி கிடந்த ஆட்டுக்குத் தொடை வத்திப்போகும். பாத்திருக்கேன்.”

“கடைசியில என்னையும் ஆட்டோட சேத்துட்டாரு!”

“முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்க” என்றாள் ஆலோசகர் சிரித்தபடி. “ஆட்டிறைச்சியும் அப்பப்ப கொஞ்சம். நல்லா வேகணும், கருகக் கூடாது. பதப்படுத்தினது மட்டும் வேண்டாம்.”

சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க இரண்டு மணிக்கொருதரம் கிண்ணத்தோடு வந்து நின்றார் அவர். “மெல்லவாவது விடுங்க” என்று அவள் கும்பிட்டாள்.

மறுவாரம் கோட்டை அவரே கழற்றி வாங்கிக்கொண்டார். செருப்பைக்கூட விடவில்லை. முள் நாற்பத்தைந்தைத் தாண்டி, மூன்று சின்னக் கோடு தள்ளி நின்றது.

“முந்நூறு கிராம் ஏறியிருக்கு. இன்னைக்கு மருந்து ஏத்தலாம்” என்றாள் ஆலோசகர்.

மனைவி மேடையிலிருந்தே திரும்பினாள். “என்னங்க, கொசுறு ஏதும் போட்டீங்களா?”

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “சுத்தமான எடைம்மா!”