ஆலோசகர் குடியிருக்கும் வீடு

கோர்ட் அமீனா பதியா படிக்கு வெளியிலேயே நின்றாள். தலைநகர் ரபாத்தில் வெளிநாட்டுத் தூதரகக்காரர் வீட்டுப் படியை அவசரப்பட்டு மிதித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வசந்தத்தில் மிதித்தாள், வெளியுறவு அமைச்சகம் கண்டித்தது. இன்னொரு புகார் போனால் வேலை போய்விடும்.

"இது தூதரகக் கட்டடம் இல்ல சார். உங்க சொந்தப் பேர்ல, அடமானக் கடன்ல வாங்கின வீடு. தவணை கட்டல. சொந்த வீட்டு வழக்குல தூதரகப் பதவி உங்களக் காப்பாத்தாது. ஜப்தி உத்தரவு இது."

தூதரக ஆலோசகர் தால்வி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வழக்குல ஜெயிச்சுட்டுப் போங்க, யார் வேணாங்கறா? ஆனா நான் குடியிருக்கற வீட்டுக்குள்ள எந்த அமீனாவும் நுழைய முடியாது. அதுவும் அதே சட்டம்தான். படிச்சிருக்கியா, யாராவது படிச்சுக் காட்டணுமா?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"குடியிருக்கீங்களா?"

"பின்ன, பேயா குடியிருக்கு?"

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான்கு ஆட்கள் மணப்பெண்ணைத் தூக்கும் பல்லக்கை இறக்கினார்கள். பின்னாலேயே, கல்யாணங்களை ஏற்று நடத்தி, பெண்ணையும் அலங்கரிக்கும் லல்லா ஷாமா மூச்சு வாங்க வந்தாள்.

"சாவி கொண்டாறேன்னீங்களே சீதி, எங்க?" என்று தால்வியை மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அப்புறம் வா."

"அப்புறமா? ராத்திரி கல்யாணம்! பொண்ணுக்கு ஏழு உடுப்பு மாத்தணும். இங்க ஒருத்தரும் படுக்கறதில்ல, மொத்த வீடும் உனக்குத்தான்னு கோடை முழுக்க வாடகைக்கு விட்டது நீங்கதானே?"

"வாய மூடு!"

"எதுக்கு மூடணும்? தேத்தண்ணி போட ஒரு கெண்டிகூட இல்லாத வீடு. போன வாரம் என் வீட்லேந்து தூக்கிட்டு வந்தேன்!"

கெண்டி இல்லாமல் இந்த ஊரில் யார் குடியிருப்பார்கள்? ஆனாலும் பதியாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "இவர் எங்க தூங்குறார் லல்லா?"

"தூதரகத்துக்குப் பின்னாடி அடுக்குமாடியில. பைஜாமாவோடதான் வந்து வாடகை வாங்குவார்."

தால்வி கைபேசியை எடுத்தார். "அமைச்சகத்துக்குப் பேசறேன். உன் வேலை காலி."

"பேசுங்க. அங்க குடியிருக்கற இடம்னு எந்த விலாசத்தப் பதிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு நானும் கேக்கறேன்."

அவருடைய விரல் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பதியா படியேறினாள்.

"அடிப் பாவி, என் கல்யாணம்?" என்று கத்தினாள் ஷாமா.

"நடத்துங்க லல்லா. வாடகைய மட்டும் இனிமே கோர்ட்ல கட்டுங்க."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" ஷாமா ஆட்களைப் பார்த்துக் கையசைத்தாள். பல்லக்கு படியேறியது. வாசலை அடைத்து நின்ற தால்வியின் விலாவில் அதன் கழி இடித்தது.

"ஒதுங்குங்க சீதி, வேலையிருக்கு."